கோட்டைக்குப் பக்கத்தில் வீடா? சுவரில் கை வைக்கும் முன் படியுங்கள்

திருமயம் கோட்டைக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் ஆச்சி. ஐப்பசி மழையில் அவர் வீட்டுப் பின்கட்டுச் சுவர் பாதி சரிந்தது. கொத்தனார் மிச்சத்தையும் இடித்து மண்ணை அள்ளிப் போட்டார். மறுவாரமே வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ். இரண்டு மழைக்காலம் நீலத் தார்ப்பாய்க்கு அடியில்தான் ஆச்சி உலை வைத்தார்.

1687-இல் சேதுபதி கட்டிய கோட்டை இது. இப்போது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பழஞ்சின்னங்களைக் காக்கும் 1958 சட்டத்தின் 2010 திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைப் பகுதி. அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கிக் கட்டலாம்.

மதிலிலிருந்து டேப் பிடித்து அளக்காதீர்கள். பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த நிலத்தின் விளிம்பிலிருந்துதான் கணக்கு. அது மதிலைத் தாண்டியும் இருக்கலாம்.

100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கிடையாது. இடித்துவிட்டுத் திரும்பக் கட்டவும் முடியாது. பழுதுபார்க்கலாம், அதற்கும் அனுமதி வேண்டும், வீடு 16.6.1992-க்கு முன்பே இருந்திருக்க வேண்டும், அல்லது பிறகு தொல்லியல் துறைத் தலைமை இயக்குநரின் ஒப்புதலோடு கட்டியதாக இருக்க வேண்டும். ஆச்சி மாட்டியது இங்கேதான். சுவரை முழுக்க இடித்ததும் பழுதுபார்ப்பு 'மறுகட்டுமானம்' ஆகிவிட்டது. பழைய வீட்டு வரி ரசீது, கிரயப் பத்திரம் எல்லாவற்றையும் பெட்டியிலிருந்து எடுத்து வையுங்கள். நம் ஊர் வீடுகளில் பட்டா தாத்தா பெயரிலும் பங்கு பத்துப் பேரிடமும் இருக்கும். மனுப் போட உரிமையாளர் வேண்டும். பங்காளிகளிடம் முதலிலேயே கையெழுத்து வாங்குங்கள்.

அப்புறம் அலைச்சல். பஞ்சாயத்து அனுமதி இருந்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மனு, சட்டப்படி நியமித்த தகுதி அதிகாரிக்குப் போக வேண்டும். அவர் 15 நாளில் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் 2 மாதத்தில் கருத்துச் சொல்ல வேண்டும். அதன்பின் ஒரு மாதத்தில் முடிவு. இந்த நாள்கணக்கு ஓடுவதைக் காட்ட உங்களிடம் இருக்கப்போவது மனுவுக்கான ஒப்புகை ஒன்றுதான். அது இல்லாமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். ஆச்சியோடு நான் போன அலுவலகத்தில், "அதெல்லாம் கிடைக்காதும்மா" என்று வாயால் சொல்லியே மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். மறுப்பதானால் உங்கள் தரப்பைக் கேட்டு, எழுத்தில் தர வேண்டும். தராவிட்டால் 10 ரூபாயில் தகவல் உரிமை மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

அனுமதி வருமுன் தொடங்கினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இன்றைக்கே செய்ய ஒன்று உண்டு: சுவர், ஓடு, உத்தரம் எல்லாவற்றையும் நாலு பக்கமும் படம் எடுத்து, தேதியோடு பிரிண்ட் போட்டுப் பத்திரக் கட்டில் வையுங்கள். கொத்தனாரை அதற்குப் பிறகு கூப்பிடுங்கள்.