ரோச் அடிச்சு மினுங்கினா அது பெனிட்டோயிட் இல்லை

போன மாசம் ஒரு அம்மா மகளோட வந்தா, கையில நீல நிறக் கல்லு வச்ச பென்டன் ஒண்டு. ஒன்லைன்ல வாங்கினதாம், 2 கரட்டுக்கு மேல, பேர் பெனிட்டோயிட், இருட்டில ஒளிரும், ஆதிகாலத்தில ராசாக்கள் சனி தோசத்துக்குப் போட்டது எண்டெல்லாம் வித்தவர் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளை காசுநோட்டுப் பாக்கிற சின்ன ஊதா லைற்றை எடுத்து அடிச்சுக் காட்டினா, கல்லு நல்ல சிவப்பா மினுங்கிச்சு. அவைக்கு ஒரே சந்தோசம், எனக்கு நெஞ்சு கனத்துப் போச்சு.

கல்லுச் சோதிக்கிற வேலையில இருக்கிறதால இதைச் சொல்லியே ஆகோணும். பெனிட்டோயிட் உண்மையிலயே அருமையான கல்லுதான். 1907 இல கலிபோர்னியாவில சான் பெனிட்டோ ஆத்துப் பக்கம் கண்டெடுத்தவை, முதல்ல அதை நீலக்கல்லு (சஃபையர்) எண்டு நினைச்சவை, பிறகு ஜோர்ஜ் லோடர்பாக் எண்ட பேராசிரியர்தான் இது புதுக் கனிமம் எண்டு காட்டினவர். நகைக்கு வெட்டக்கூடிய தரத்தில அந்த ஒரு இடத்திலதான் கிடைச்சிருக்கு, 1985 இல கலிபோர்னியா அதைத் தன்ர மாநிலக் கல்லாக்கினது. வைரம் மாதிரியே நிறம் நிறமாச் சிதறும், பாத்தா கண்ணை எடுக்க மனம் வராது. வெட்டின கல்லு ஒரு கரட்டைத் தாண்டுறதே அபூர்வம். அதாலதான் அந்த விலை.

ஆனா 1907 க்கு முதல் பேரே இல்லாத கல்லை எந்த ராசா போட்டிருப்பார்? நவரத்தினத்திலயும் இல்லை. நாகமாணிக்கம் இருட்டில ஒளிரும் எண்டு கதை கேட்டு வளந்த ஆக்கள் நாங்கள், அதால ஒளிருது எண்டு ஒருத்தர் சொன்ன உடன மனசு இளகிப் போகுது. பெனிட்டோயிட் தானா ஒளிராது. 254 நனோமீற்றர் அலைநீளமுள்ள குற்றலைப் புறஊதாக் கதிர் (UV) பட்டா மட்டும் பளிச்செண்டு நீலமா ஒளிரும், லைற்றை நிப்பாட்டினா அதுவும் நிண்டிடும். கடையில விக்கிற ரோச் எல்லாம் 365, 395 நனோமீற்றர் நெட்டலை, அதுக்கு நீலப் பெனிட்டோயிட் அசையவே அசையாது. (குற்றலை லைற் கண்ணுக்கும் தோலுக்கும் கூடாது, வீட்டில வாங்கி விளையாடாதேங்கோ.)

அந்த ரோச்சுக்குச் சிவப்பா ஒளிர்ந்த இந்தக் கல்லு, கோபால்ட் போட்டுச் செய்த செயற்கை ஸ்பைனல் எண்ட வேறை கல்லு. கல்லுக்குள்ள ஒளி எவ்வளவு வளையுது எண்டு அளக்கிற ரிஃப்ராக்டோமீற்றர்ல வச்சன், 1.728, ஒரே ஒரு அளவு. பெனிட்டோயிட் எண்டா 1.757, 1.804 எண்டு ரெண்டு காட்டோணும். பெனிட்டோயிட்டை லென்ஸால திருப்பித் திருப்பிப் பாத்தாலும் அடிப்பக்கத்துப் பட்டையளின்ர விளிம்பு ரெண்டு ரெண்டாத் தெரியோணும், இதில எல்லாம் ஒற்றைக் கோடுதான்.

உண்மையான பெனிட்டோயிட் வச்சிருக்கிற ஆக்களுக்கும் ஒண்டு, கீறலைத் தாங்கிற கடினத்தில அது 10க்கு 6, 6½தான், நீலக்கல்லு 9. எங்கட ஊர்ப் புழுதியில இருக்கிற மணலே 7, அதால மோதிரத்தில போட்டு ஒவ்வொருநாளும் பாவிச்சா கீறி மங்கிப் போகும், தோட்டிலயோ பென்டன்லயோ வையுங்கோ. வாங்க முதல் கொழும்பில தேசிய இரத்தினக்கல், தங்க ஆபரண அதிகாரசபையின்ர சோதனைக்கூடத்தில குடுத்துப் பாருங்கோ, ரிப்போட்டில கல்லின்ர பேரும் இயற்கையோ செயற்கையோ எண்டதும் தெளிவா இருக்கோணும்.

அம்மா கனநேரம் பேசாமல் இருந்தா. பிறகு நான் அளவெல்லாம் எழுதிக் குடுத்த கடதாசியை மடிச்சுக் கைப்பையில வச்சா, காசைத் திருப்பிக் கேட்டு வித்தவருக்கு அண்டைக்கே அதைப் படம் எடுத்து அனுப்பினவையாம், இன்னும் பதில் வரேல்லை.