அந்தத் திட்டம் வராமல் இருந்திருந்தால்?

ஒரு நலத்திட்டம் தொடங்கி இரண்டு வருடம் கழித்து அறிக்கை வருகிறது. பயனாளிகளின் வருமானம் கூடிவிட்டது, ஆகவே திட்டம் வெற்றி என்கிறது. அரசுத் திட்டங்களை மதிப்பிடும் பொருளாதார ஆய்வுதான் என் தொழில். இப்படி ஓர் அறிக்கையைப் பார்த்ததும் என் மனதில் முதலில் எழுவது ஒரே கேள்விதான்: அந்தத் திட்டம் வராமல் இருந்திருந்தால் அவர்களின் வருமானம் என்ன ஆகியிருக்கும்? அந்த இரண்டு வருடமும் நல்ல மழை பெய்திருக்கலாம். பக்கத்தில் ஒரு தொழிற்சாலை வந்திருக்கலாம். துடிப்பானவர்கள்தான் முந்திக்கொண்டு விண்ணப்பித்திருப்பார்கள். திட்டம் இல்லாவிட்டாலும் அவர்கள் எப்படியோ முன்னேறியிருப்பார்கள். இவற்றையெல்லாம் பிரித்துப் பார்க்காமல் 'வெற்றி' என்று எழுதிவிடலாம் என்றால் ஆய்வு எதற்கு?

பிரித்துப் பார்க்க வேண்டுமானால், திட்டம் கிடைக்காத, ஆனால் மற்ற எல்லாவற்றிலும் அதே நிலையில் இருக்கும் மக்களின் தகவலும் கையில் இருக்க வேண்டும். நடைமுறையில் சிக்கல் தொடங்குவது இங்கேதான். எல்லாருக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஆய்வாளர்களைக் கூப்பிடுவார்கள். மூன்று மாதத்தில் முடிவு வேண்டும் என்பார்கள். தொடங்குவதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்று யாரும் கணக்கெடுத்திருக்க மாட்டார்கள். எடுக்காமல் விட்ட தரவை எவ்வளவு கெட்டிக்காரப் புள்ளியியலாளராலும் பின்னால் போய் எடுத்துவர முடியாது.

முன்கூட்டியே யோசித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு மெக்சிகோ நல்ல உதாரணம். 1997-ல் அங்கே புரோகிரெசா என்ற திட்டம் வந்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும், குடும்பத்தார் மருத்துவப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்ற நிபந்தனையோடு ஏழைத் தாய்மார்களின் கையில் பணம் கொடுத்தார்கள். இதை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் நிதித்துறைத் துணை அமைச்சராக இருந்த பொருளாதார அறிஞர் சந்தியாகோ லேவி. எல்லா ஊர்களுக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க வழியில்லை என்பதால், மதிப்பீட்டுக்கு எடுத்த 506 ஊர்களில் 320-க்கு முதலிலும் 186-க்குப் பிறகும் கொடுப்பது என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். காத்திருந்த ஊர்களோடு ஒப்பிட்டபோது பள்ளிச் சேர்க்கை கூடியிருப்பது தெரிந்தது, குறிப்பாகத் தொடக்கக் கல்வியைத் தாண்டிய வகுப்புகளில் பெண் பிள்ளைகளின் சேர்க்கை. 2000-ல் ஆட்சி மாறியது. முந்தைய ஆட்சியின் திட்டங்களைத் தூக்கிப் போடுவதுதான் புதிதாக வருகிறவர்களின் வழக்கம். இந்தத் திட்டமோ பெயர் மாறித் தொடர்ந்தது, நகரங்களுக்கும் விரிந்தது. பலன் இருக்கிறது என்பதற்கு நம்பகமான ஆதாரம் கையில் இருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

'ஏழைகளை வைத்தா சோதனை செய்கிறீர்கள்?' என்று பலர் கோபமாகக் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நன்றாகத் தெரிந்த பலனை ஒருவருக்கு வேண்டுமென்றே மறுப்பது தவறு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பணம் பாதிப் பேருக்குத்தான் போதும், பலன் இருக்குமா என்பதும் தெரியாது என்ற நிலையில், செல்வாக்குள்ளவர்களுக்கு முதலில் கிடைப்பதைவிடக் குலுக்கல் நியாயமானது என்றுதான் நினைக்கிறேன். பலன் தெரியாத ஒன்றை எந்தக் கணக்கும் வைக்காமல் லட்சக்கணக்கானவர்கள் மீது ஒரேயடியாக இறக்குவதும் சோதனைதானே? அதிலிருந்து யாரும் எதுவும் கற்றுக்கொள்வதில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

அடுத்து, காலம். பொது நிதி ஏன் தேவை என்பது இதில்தான் எனக்கு மிகத் தெளிவாகத் தெரிகிறது. அமெரிக்காவின் வீட்டுவசதித் துறை 1994-ல் பால்டிமோர், பாஸ்டன், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், நியூயார்க் ஆகிய ஐந்து நகரங்களில் ஒரு சோதனையைத் தொடங்கியது. வறுமை மண்டிய பகுதிகளின் பொதுக் குடியிருப்புகளில் இருந்த சுமார் 4,600 குடும்பங்கள் அதில் சேர்ந்தன. குலுக்கலில் ஒரு பகுதியினருக்கு வறுமை குறைந்த இடத்துக்குக் குடிபோனால் மட்டுமே செல்லும் வாடகை உதவிச்சீட்டு கிடைத்தது. இன்னொரு பகுதியினருக்கு வழக்கமான உதவிச்சீட்டு. மீதிப் பேருக்கு எதுவும் கிடைக்கவில்லை. நல்ல இடத்துக்குப் போனால் வேலையும் வருமானமும் உயரும் என்பது எதிர்பார்ப்பு.

உயரவில்லை. குடிபெயர்ந்த பெரியவர்களின் மனநலமும் உடல்நலமும் மேம்பட்டன. கடும் உடல்பருமனும் நீரிழிவும்கூடக் குறைந்தன. ஆனால் சம்பாத்தியத்தில் சொல்லிக்கொள்ளும் மாற்றமில்லை. சுமார் 15 வருடம் கழித்தும் இதுதான் நிலை. அந்த இடத்தில் கோப்பை மூடியிருந்தால், 'வறுமையில் இருப்பவர்களை இடம் மாற்றிப் பயனில்லை' என்ற முடிவு நிலைத்திருக்கும். ராஜ் செட்டி, நாதனியல் ஹென்ட்ரன், லாரன்ஸ் கட்ஸ் ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்களும் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளை அரசின் வரிப் பதிவுகளோடு இணைத்துப் பார்த்தார்கள். 2016-ல் முடிவு வெளியானது. 13 வயதுக்குள் நல்ல இடத்துக்குப் போன பிள்ளைகள் இருபதுகளின் நடுவில் மற்றவர்களைவிட 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள், கல்லூரிக்கும் கூடுதலாகப் போனார்கள். பதின்வயதில் போனவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. கொஞ்சம் பாதகமாகக்கூட இருந்தது. பலன் பெரியவர்களிடம் இல்லை, பிள்ளைகளிடம் இருந்தது. அதுவும் எந்த வயதில் போனார்கள் என்பதைப் பொறுத்து.

இருபது வருடம் காத்திருக்க எந்தத் தனியார் நிறுவனத்துக்கும் பொறுமை கிடையாது, தேவையும் கிடையாது. அடுத்த தேர்தல் வரைக்கும் கணக்குப் போடும் அரசியல்வாதிக்கும் அப்படித்தான். அப்படியானால் மக்கள் பணத்தை இதற்கெனத் தனியாக ஒதுக்கி, யார் ஆட்சிக்கு வந்தாலும் கைவைக்காமல் பாதுகாப்பதுதான் வழி.

உடனடிப் பயன் தெரியாத கோட்பாட்டு ஆய்வுக்கும் இது பொருந்தும். பணமே கைமாறாமல் ஆட்கள் தங்களுக்குள் பொருட்களைச் சிறப்பாக மாற்றிக்கொள்வது எப்படி என்று லாயிட் ஷேப்லியும் ஹெர்பர்ட் ஸ்கார்ஃபும் 1974-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். படித்தவர்களுக்கு அது வெறும் கணிதமாகத்தான் தெரிந்திருக்கும். முப்பது வருடம் கழித்து ஆல்வின் ராத், தைஃபுன் சோன்மேஸ், உத்கு உன்வர் மூவரும் அந்த யோசனையைச் சிறுநீரக தானத்தில் பொருத்தினார்கள். கணவர் மனைவிக்குத் தர முன்வந்தும் பொருந்தாமல் போகும் ஜோடிகள், அதே நிலையில் இருக்கும் வேறு ஜோடிகளோடு சிறுநீரகத்தை மாற்றிக்கொள்ள வழி பிறந்தது. அமெரிக்க அரசின் ஆய்வு நிதி அமைப்பான தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதி கொடுத்த வேலை இது. 2012-ல் ராத்துக்கும் ஷேப்லிக்கும் நோபல் கிடைத்தது. பரிசைவிட, அப்படி உயிர் பிழைத்தவர்களைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

சரி, பொது நிதியில் நடந்துவிட்டாலே ஆய்வு நம்பத்தக்கதா? இல்லை. மற்றவர்கள் சரிபார்க்க வழியிருக்க வேண்டும். பொதுக்கடன் ஒரு நாட்டின் மொத்த உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி படுத்துவிடும் என்று 2010-ல் பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் எழுதிய கட்டுரையைப் பல நாட்டு அரசியல்வாதிகள் சிக்கன நடவடிக்கைகளுக்கு ஆதாரமாகக் காட்டினார்கள். தாமஸ் ஹெர்ன்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் அவர்களிடமிருந்தே கணக்குக் கோப்பை வாங்கித் திரும்பப் போட்டுப் பார்த்தார். ஐந்து நாடுகள் சராசரியில் சேராமலே விடுபட்டிருந்தன. அதையும் கணக்கிட்ட முறையில் இருந்த வேறு சிலவற்றையும் திருத்தியபோது, அந்தக் கடன் நிலையில் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் இல்லை, 2.2 சதவீதம் என்று தன் பேராசிரியர்கள் இருவரோடு சேர்ந்து 2013-ல் காட்டினார். விடுபட்டதை ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள். மற்றவற்றில் வாதம் தொடர்ந்தது. கோப்பு பூட்டிக் கிடந்திருந்தால் அந்த வாதமே நடந்திருக்காது.

எங்கள் துறையில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, பலனில்லை என்று சொல்லும் அறிக்கைகள் மேசை இழுப்பறையிலேயே தங்கிவிடுவது. அப்புறம் வேறோர் இடத்தில் அதே திட்டத்தை அதே செலவில் மறுபடி தொடங்குவார்கள்.

ஆகவே 'ஆய்வு சொல்கிறது' என்று அடுத்த முறை யாராவது ஒரு திட்டத்தைத் தூக்கிப் பிடித்தாலோ தூற்றினாலோ, சில விஷயங்களைக் கேளுங்கள். யாரோடு ஒப்பிட்டார்கள்? எத்தனை வருடம் பின்தொடர்ந்தார்கள்? பணம் கொடுத்தவருக்கு முடிவை நிறுத்திவைக்கும் உரிமை உண்டா? தனிநபர் அடையாளங்களை நீக்கிய தரவு மற்ற ஆய்வாளர்களுக்குக் கிடைக்குமா? உங்கள் பிரதிநிதியிடம் பேச வாய்ப்புக் கிடைத்தால் இன்னொன்றும் கேளுங்கள்: புதிய திட்டத்துக்கு ஒதுக்கும் பணத்தில் அதை மதிப்பிட எவ்வளவு வைத்திருக்கிறீர்கள், முதல் தவணை போவதற்கு முன்பே கணக்கெடுப்பு முடிந்துவிடுமா?