‘ஜாலிக்குத்தானே ஆடுறோம்’ என்று சொல்லிக்கொண்டு வரும் எலும்பு முறிவுகள்

மறுபடியும் முதல் பேஸ். மறுபடியும் காறை எலும்பு, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இருப்பது.

ஆண்களும் பெண்களும் கலந்து ஆடும் வார இறுதி சாஃப்ட்பால் லீக். பேஸ்பால் மாதிரிதான்: பந்தை அடித்தவர் தரையில் பதித்த மூன்று பேஸ்களையும் வரிசையாக மிதித்து, கிளம்பிய ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன். அவர் முதல் பேஸுக்கு வருமுன் ஃபீல்டர் பந்தோடு அதை மிதித்தால் அவுட். பந்தை அடித்துவிட்டுத் தலையைக் குனிந்தபடி ஓடிவந்தவர் ஓர் ஆண். பேஸில் ஒரு காலை ஊன்றி, பந்துக்காகக் கையை நீட்டி நின்றவர் ஒரு பெண். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே வெள்ளைத் திட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தப் பெண்ணுக்குக் காறை எலும்பு முறிந்தது, ஓடிவந்தவருக்கு முழங்கால் லிகமென்ட் கிழிந்தது. (ஆள் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) இப்போது இருவருக்கும் நான்தான் பிசியோதெரபி கொடுக்கிறேன். ஒருவர்மேல் ஒருவருக்குத் துளியும் கோபமில்லை, சிரித்துப் பேசிக்கொள்கிறார்கள். எனக்குத்தான் கோபம் தாங்கவில்லை.

லீக் நடத்துகிறவரிடம், “முதல் பேஸில் இரட்டை பேஸ் போட்டிருந்தீர்களா?” என்று கேட்டேன், அதாவது ஓடுகிறவருக்கு ஒன்று, ஃபீல்டருக்கு ஒன்று. “அதெல்லாம் சீரியஸா ஆடுறவங்களுக்கு. நாங்க சும்மா ஜாலிக்குத்தானே ஆடுறோம்” என்றார். ஒவ்வொரு சீசனிலும் யாரோ ஒருவர் இதே பதிலை எனக்குச் சொல்கிறார். வார்த்தைகூட மாறுவதில்லை.

சரி, அந்தப் பதிலையே எடுத்துக்கொள்வோம். தொழில்முறை ஆட்டக்காரர் தினமும் பயிற்சி எடுக்கிறார். எப்படி ஓடுவது, எப்படிச் சறுக்குவது, மோதல் வரப்போகிறது என்றால் உடம்பை எப்படித் திருப்புவது என்பதெல்லாம் அவருக்குப் பழகிப்போனவை. எதிரே ஆடுகிறவரும் கிட்டத்தட்ட அதே வயது, அதே தகுதி. உங்கள் லீக்கில் யார் ஆடுகிறார்கள்? வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, வண்டியிலிருந்து இறங்கி நேராக மைதானத்துக்குள் வருகிறவர். இருபத்திரண்டு வயதுக்காரரும் ஐம்பத்தைந்து வயதுக்காரரும் ஒரே அணியில். ஐம்பது கிலோ ஆளும் நூறு கிலோ ஆளும் ஒரே பேஸில். கல்லூரியில் பேஸ்பால் ஆடியவரும், கையுறையை எந்தக் கையில் போடுவது என்று இன்றைக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டவரும் பக்கத்துப் பக்கத்து இடங்களில். இவர்களில் யாருக்குப் பாதுகாப்பு விதி அதிகம் தேவை? பயிற்சி இல்லாதவருக்கு விதி வேண்டாம், பயிற்சி உள்ளவருக்குத்தான் வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

‘நட்பாக ஆடுகிறோம், யாரும் யாரையும் இடிக்க மாட்டோம்’ என்பது இதே பதிலின் இன்னொரு வடிவம். நான் பார்த்த மோதல்களில் யாரும் வேண்டுமென்று இடித்ததில்லை. பந்தைப் பார்த்து ஓடுகிறவருக்கு ஆள் தெரிவதில்லை, அவ்வளவுதான். நல்ல மனசு முழங்காலைக் காப்பாற்றாது.

இந்த ‘ஜாலி’க்காரர்கள், உயரப் போன எளிதான கேட்ச் பிடிபடாவிட்டாலும் சில நேரம் அடித்தவர் அவுட் என்கிற இன்ஃபீல்ட் ஃப்ளை விதியைப் பற்றி அம்பயரோடு அரை மணி நேரம் வரிந்துகட்டிக்கொண்டு வாதாடுவார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விதி பிடிக்காது என்பதல்ல விஷயம். ரன் கொடுக்கும் விதிகள் வேண்டும், எலும்பைக் காக்கும் விதிகள் வேண்டாம்.

அந்த எலும்பைக் காக்கும் விதிகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். முதலில் இரட்டை பேஸ். வழக்கமான வெள்ளை பேஸை ஒட்டி, களத்தின் ஓரக் கோட்டுக்கு வெளியே, ஃபவுல் பகுதியில் அதே அளவில் இன்னொரு பேஸ், ஆரஞ்சு நிறத்தில். பேட்டர் அடித்துவிட்டு ஓடிவரும்போது ஆரஞ்சை மிதிக்க வேண்டும், ஃபீல்டர் வெள்ளையை மிதிக்க வேண்டும். அதன்பின் அங்கேயே நிற்கும் ஓட்டக்காரருக்கு வெள்ளைதான் பேஸ். முதல் பேஸில் பந்து வருகிற நேரத்தில் ஓட்டக்காரர் வெள்ளையை மட்டும் மிதித்து, எதிரணி அதைச் சொல்லி முறையிட்டால் அவர் அவுட். விதி இவ்வளவுதான், புரிய இரண்டு நிமிடம் ஆகும். ஆனால் பேஸை வாங்கிப் போட்டுவிட்டு, ‘பழக்கமில்லாமல் வெள்ளையை மிதித்துவிட்டார், போகட்டும்’ என்று அம்பயர் தாராளம் காட்டுகிற லீக்குகளும் உண்டு. அவுட் கொடுங்கள் ஐயா! இரண்டு பேர் அவுட்டானால் மூன்றாமவர் தானாக ஆரஞ்சுக்குப் போவார்.

ஹோம் பிளேட்டுக்கும் இதே மாதிரி ஏற்பாடு உண்டு. மூன்றாம் பேஸுக்கும் ஹோமுக்கும் நடுவே ஒரு கோடு, பெரும்பாலும் பிளேட்டிலிருந்து 20 அல்லது 30 அடியில். அதைத் தாண்டியபின் ஓட்டக்காரர் திரும்பி ஓடக் கூடாது. பிளேட்டுக்குப் பின்னால் நிற்கும் கேட்சர் அவரைத் தொட்டு அவுட்டாக்க வேண்டியதில்லை, பந்தோடு பிளேட்டை மிதித்தால் போதும். ஓட்டக்காரர் தள்ளியிருக்கும் தனிக் கோட்டையோ தனி பிளேட்டையோ கடந்து ரன் எடுப்பார். இருவரும் ஒருவரையொருவர் தொடவே வேண்டாம். சுண்ணாம்புத் தூள் செலவு மட்டும்தான்.

அடுத்தது சறுக்கல், அதாவது பேஸை எட்ட ஓட்டக்காரர் தரையில் வழுக்கிக்கொண்டு வருவது. வேகமாக ஓடிவந்து, தரையோடு பதித்த பேஸில் காலை மோதினால் கணுக்கால் என்ன ஆகும் என்று நான் விளக்கப் போவதில்லை. ஒரு பழைய ஆய்வை மட்டும் சொல்கிறேன். 1980களில் மிச்சிகனில், பொழுதுபோக்கு சாஃப்ட்பால் ஆடுகிறவர்களை வைத்தே நடந்தது, 1988-இல் வெளியானது. 600-க்கு மேற்பட்ட ஆட்டங்கள் வழக்கமான பேஸில், ஏறக்குறைய அதே எண்ணிக்கை மோதினால் பெயர்ந்துகொள்கிற பேஸில். சறுக்கியதால் வந்த காயங்கள் முதல் வகையில் 45, இரண்டாவதில் 2. என் துறையில் இவ்வளவு பளிச்சென்று ஒரு முடிவு கிடைப்பது அபூர்வம். எத்தனையோ நீட்சிப் பயிற்சிகளுக்கும் கட்டுகளுக்கும் பட்டைகளுக்கும் நாங்கள் பரிந்து பேசுகிறோம், அவற்றில் எதற்கும் இந்த மாதிரி எண் என்னிடம் இல்லை.

‘பெயர்ந்தால் பேஸ் எங்கே என்று குழப்பம் வருமே’ என்று கேட்கிறார்கள். பேஸ் இருந்த இடமே பேஸ். பெயர்ந்து ஓடிய ரப்பரைத் துரத்திக்கொண்டு போய் யாரும் மிதிக்க வேண்டியதில்லை.

அந்த பேஸ் வாங்கக் காசில்லை என்றால் சறுக்கலையே தடை செய்யுங்கள். பல லீக்குகள் அப்படித்தான் செய்கின்றன. குறைந்தபட்சம் தலை முன்னால் போகிற டைவையாவது நிறுத்துங்கள். உலோக முள் வைத்த ஷூ வேண்டவே வேண்டாம், ஆண்களும் பெண்களும் கலந்து ஆடும் ஆட்டத்தில் பெரிய அமைப்புகளே அதை அனுமதிப்பதில்லை.

‘ஸ்லோ பிட்ச்தானே, பந்து மெதுவாகத்தானே வருகிறது’ என்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. மெதுவாக வருவது பிட்சர் போடும் பந்து. வளைந்து மேலே போய், பெரும்பாலும் 6 அடிக்குக் குறையாமலும், விதியைப் பொறுத்து 10 அல்லது 12 அடிக்கு மிகாமலும் உயர்ந்து இறங்கும். திரும்பிப் போகும் பந்து அப்படியில்லை. மட்டையிலிருந்து கிளம்பும் பந்தின் வேகத்துக்கு 2004-இல் அமெரிக்காவில் வந்த மட்டைத் தரம் வைத்த வரம்பு மணிக்கு 98 மைல், அதாவது ஏறக்குறைய 158 கிலோமீட்டர். பிட்சர் நிற்பது 50 அடியில். அந்த வேகத்தில் பந்து அவரை அடைய விநாடியில் மூன்றில் ஒரு பங்கு போதும். கண் பார்த்துக் கை அசையத் தொடங்கவே ஏறக்குறைய விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். மிச்ச நேரத்தில் கையுறையை முகத்துக்குக் கொண்டுவர வேண்டும். பந்தின் எடையோ கிரிக்கெட் பந்தைவிட அதிகம்: 12 அங்குலச் சுற்றளவுள்ள சாஃப்ட்பால் 177 முதல் 198 கிராம் வரை, கிரிக்கெட் பந்து 163 கிராமைத் தாண்டாது.

பிட்சருக்கு முகக்கவசம் கட்டாயம் என்று எழுதிவையுங்கள். ‘பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது’ என்று கழற்றி வைக்கிறார்கள். கன்ன எலும்பில் தகடு வைத்தபின் எப்படி இருக்கும் என்று கேட்டால் பதில் வராது.

மட்டை விஷயத்தில் இன்னொன்று. பந்து இன்னும் வேகமாகப் போக வேண்டும் என்று குழாய் மாதிரி உள்ளீடற்ற மட்டையின் உட்சுவரைச் சுரண்டி மெலிதாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியே தர முத்திரை அப்படியே இருக்கும், உள்ளே வரம்பெல்லாம் போயிருக்கும். வார இறுதி லீக்கில் ஒரு ஹோம் ரனுக்காக இதைச் செய்கிறவரை ஒரு ஆட்டத்துக்கு அல்ல, சீசன் முழுக்க வெளியே நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து.

இப்போது ஆண்கள் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டிய பகுதி. கலப்பு ஆட்டத்தில் பொதுவாக ஐந்து ஆண், ஐந்து பெண், பேட்டிங் வரிசையில் மாறி மாறி. பெண் ஒருவர் மட்டையோடு வந்ததும் ஃபீல்டர்கள் எல்லாரும் நாலு எட்டு முன்னால் வருகிறார்கள். சிலர் பத்து எட்டு. ‘அவங்க அடிச்சா இங்கதானே விழும்’ என்று ஒரு சிரிப்பு வேறு. அவமரியாதை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் பார்க்கிற பக்கத்தைச் சொல்கிறேன்: ஓங்கி அடிக்கத் தெரிந்த ஒரு பெண்ணிடமிருந்து பத்தடி நெருங்கி வந்தவருக்கு, கண் சிமிட்டும் நேரமும் மிச்சமில்லை. பல லீக்குகளில் பெண்களுக்கு 11 அங்குலப் பந்து. அது சிறியது, இன்னும் தூரம் போகும். இதற்குத்தான் அவுட்ஃபீல்டர்கள், அதாவது தொலைவில் நிற்கும் ஃபீல்டர்கள், நிற்க ஒரு கோடு போட்டு, பந்து அடிபடும் வரை அதைத் தாண்டாதே என்கிறார்கள். தூரம் லீக்குக்கு லீக் மாறும். பேஸ்களுக்குப் பக்கத்தில் நிற்கும் இன்ஃபீல்டர்களையும் அப்படியே பேஸ்களுக்கு இடையிலான பாதைக்குப் பின்னால் நிறுத்துங்கள். கோட்டைப் போட்டால் மட்டும் போதாது, அம்பயர் அதைப் பார்க்கவும் வேண்டும்.

 

விரலுக்கு வருகிறேன். நீட்டிய விரலின் நுனியில் பந்து நேராகக் குத்தினால், நுனிக் கணு தொங்கிப்போகும். மற்ற விரல்களை நீட்டினால் நீளும், இந்த நுனி மட்டும் கீழே பார்த்துக்கொண்டே இருக்கும், தானாக நிமிராது. வலி அவ்வளவாக இருக்காது, அதனால்தான் ஆபத்து. பக்கத்தில் நிற்கிற அனுபவசாலி ஒருவர் ‘சுளுக்குதான், இழுத்துவிட்டால் சரியாயிடும்’ என்று விரலைப் பிடித்து இழுப்பார். தயவுசெய்து இழுக்க விடாதீர்கள். நுனியை நிமிர்த்தும் தசைநாண் அறுந்திருக்கும், அல்லது எலும்பில் ஒரு துண்டைப் பெயர்த்துக்கொண்டு வந்திருக்கும். எக்ஸ்-ரே எடுத்துவிட்டு, நுனி நேராக இருக்கும்படி ஸ்ப்ளின்ட் என்கிற மட்டைக்கட்டைப் போட்டு, பொதுவாக 6 முதல் 8 வாரம், இரவும் பகலும் இருக்க வேண்டும். குளிக்கும்போது கழற்றினால்கூட நுனியை மேசைமேல் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். ஒரே ஒரு முறை மடங்கினாலும் கணக்கு மறுபடி முதல் நாளிலிருந்து. நாலாவது வாரம் ‘சும்மா மடங்குதான்னு பார்த்தேன்’ என்று வருகிறவர்களிடம் நான் என்ன சொல்வது?

மோதிரத்தைக் கழற்றுங்கள். கல்யாண மோதிரமும் மோதிரம்தான். பேஸின் ஓரத்திலோ வேலிக் கம்பியிலோ மாட்டினால் தோலை உரித்துக்கொண்டு வரும். சங்கிலி, வாட்ச், தொங்கும் கம்மல் எல்லாம் பைக்குள். அம்பயர் ஆட்டம் தொடங்குமுன் ஒருமுறை கைகளைப் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது.

தொடையின் பின்தசை இழுத்துக்கொண்டவருக்காக வேறொருவர் ஓடலாம் என்ற விதி உங்கள் லீக்கில் இருந்தால் பயன்படுத்துங்கள், இல்லையென்றால் சேர்த்துக்கொள்ளுங்கள். கௌரவம் பார்த்து அந்தக் காலோடு இரண்டாம் பேஸுக்கு ஓடுகிறவர்களால்தான் இரண்டு வாரத்தில் ஆறுவது இரண்டு மாதம் ஆகிறது. பெஞ்சில் இருபது நிமிடம் உட்கார்ந்தவர் தன் முறைக்கு முன் எழுந்து கொஞ்சம் ஓடிவிட்டு வரட்டும். பீர் குடிப்பதெல்லாம் ஆட்டம் முடிந்தபின். இடி கேட்டால் எல்லாரும் உள்ளே. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் ஆகும்வரை யாரும் வெளியே வரக் கூடாது, ‘மழைதான் நின்னுடுச்சே’ என்றாலும்.

கடைசியாக, தலை. பந்து பட்டாலும் சரி, இருவர் தலை மோதினாலும் சரி, தரையில் இடித்தாலும் சரி. தலைவலி, கண் மங்கல், தள்ளாட்டம், சொன்னதையே திரும்பச் சொல்வது, இதில் எது இருந்தாலும் அன்றைக்கு அவர் ஆட்டம் முடிந்தது. மயங்கி விழுந்தால்தான் மூளையதிர்ச்சி என்று நினைக்காதீர்கள், பெரும்பாலானவர்கள் மயங்குவதே இல்லை. ஆடலாமா என்று அவரிடமே கேட்காதீர்கள், ‘நான் நல்லாத்தான் இருக்கேன்’ என்றுதான் சொல்வார். கேப்டன் முடிவெடுக்கட்டும், அல்லது அம்பயர். ஆள் குறைந்து ஆட்டத்தை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தால் விட்டுக்கொடுங்கள். வாந்தி எடுத்தாலோ, தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, தூக்கக் கலக்கமாக இருந்தாலோ உடனே மருத்துவமனை. ஒன்றுமில்லை என்று தோன்றினாலும் அவரைத் தனியாக வண்டி ஓட்டிப் போக விடாதீர்கள். யாராவது ஒருவர் கூடப் போங்கள், வீட்டில் இருப்பவர்களிடம் என்ன நடந்தது, எத்தனை மணிக்கு நடந்தது என்று சொல்லிவிட்டு வாருங்கள்.