டெபாசிட்டைத் திருப்பித் தர 'டிடி ஃபீ': சொலிசிட்டர் எதை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ வீடு வாங்கும் பேச்சு இடையில் முறிந்துவிட்டால், சொலிசிட்டரிடம் (வீடு வாங்கும் சட்ட வேலையைப் பார்க்கும் வழக்கறிஞர்) கட்டி வைத்த டெபாசிட் திரும்பி வரவேண்டும். 40,000 பவுண் கட்டியவரின் கணக்கில் 39,956 பவுண் 80 பென்ஸ் விழுகிறது. மிச்சம் எங்கே என்று கேட்டால், "அது பாங்க் சார்ஜ்" என்று ரிசப்ஷனில் ஒற்றைப் பதில்.

கணக்குத் தாளை வாங்கிப் பாருங்கள். 'டெலிகிராபிக் ட்ரான்ஸ்ஃபர் ஃபீ 36.00, வற் 7.20' என்று இருக்கும். முதலாவது காசு அனுப்பும் கட்டணம், சுருக்கமாக 'டிடி ஃபீ' (TT fee). மற்றது அதன் மேல் போட்ட வரி (VAT). அந்த வற் வரியை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். காசு அனுப்ப வங்கி வாங்கும் கட்டணத்துக்கு வற் கிடையாது. ஆனால் அலுவலகம் அதை உங்களிடம் வாங்கும்போது, வங்கி எடுத்த அதே தொகையாக இருந்தாலும், அது அலுவலகத்தின் சேவைக் கட்டணமாகவே கருதப்பட்டு வற் சேரும். வங்கி எடுத்ததைவிடக் கூடுதலாக வாங்கிவிட்டு முழுவதையும் 'பாங்க் சார்ஜ்' என்று சொல்வதுதான் தவறு.

சொலிசிட்டர்களைக் கண்காணிக்கும் எஸ்.ஆர்.ஏ.யின் நிலைப்பாடு எளிமையானது. வங்கிச் செலவு என்று உங்களிடம் வாங்கினால், வங்கி உண்மையில் எடுத்த தொகையை மட்டுமே வாங்கவேண்டும். அதற்கு மேல் வாங்குவதென்றால் அதைத் தங்கள் கட்டணம் என்று வெளிப்படையாகச் சொல்லி, முன்கூட்டியே உங்களுக்குத் தெரிவித்திருக்கவேண்டும். ஆகவே கட்டணம் வாங்குவதே குற்றம் என்று சண்டைக்குப் போகாதீர்கள், தோற்றுவிடுவீர்கள். "வங்கி எவ்வளவு எடுத்தது? மீதிக்கு நான் எங்கே சம்மதித்தேன்?" இந்த இரண்டு கேள்விகள்தான் உங்களுக்கு உதவும்.

சம்மதம் எங்கே இருக்கிறது என்றால், ஆரம்பத்தில் கையெழுத்து வாங்கிய 'கிளையன்ட் கேர்' கடிதத்திலும் அதோடு வந்த நிபந்தனைத் தாள்களிலும். அதைத் தேடி எடுத்து, காசு அனுப்பும் கட்டணம் எந்தச் சந்தர்ப்பத்துக்கு என்று எழுதியிருக்கிறது எனப் பாருங்கள். பல கடிதங்களில் அது வீடு கைமாறும் நாளில் விற்பவரின் சொலிசிட்டருக்குப் பணம் அனுப்புவதற்காக மட்டுமே இருக்கும். பேச்சு முறிந்து உங்கள் காசை உங்களுக்கே அனுப்புவதைப் பற்றி ஒரு சொல்கூட இருக்காது. அப்படியானால் அந்த 36 பவுணுக்கு அடிப்படை இல்லை.

ஏன் சாப்ஸ்?

வீடு வாங்கும் நாளில் லட்சக்கணக்கான பவுண் மதியத்துக்குள் போய்ச் சேர்ந்தால்தான் சாவி கிடைக்கும். அதற்குத்தான் 'சாப்ஸ்' (CHAPS) என்ற, பெரிய தொகைகளை அனுப்பும் முறை. 2017 முதல் பாங்க் ஒஃப் இங்கிலாந்தே நடத்தும் வழி அது. தொகைக்கு உச்சவரம்பு இல்லை, அதே நாளில் போய்ச் சேரும், அதற்கு வங்கி கட்டணம் எடுக்கும்.

உங்கள் டெபாசிட் உங்களிடம் திரும்பி வர அந்த அவசரம் எதுவும் இல்லை. வங்கிகளுக்கிடையே சாதாரணமாகக் காசு அனுப்பும் 'ஃபாஸ்டர் பேமென்ட்' முறை போதும். பெரும்பாலும் சில நிமிடங்களில் வந்துவிடும், சாப்ஸோடு ஒப்பிட்டால் அலுவலகத்துக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. "தொகை பெரிது, அதில் போகாது" என்பார்கள். 2022 பிப்ரவரியில் அந்த முறையின் உச்சவரம்பு 10 லட்சம் பவுணாக உயர்த்தப்பட்டது. ஒவ்வொரு வங்கியும் அதற்குக் கீழே தன் வரம்பை வைத்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். அப்படியானால் "உங்கள் வங்கியின் வரம்பு எவ்வளவு? இரண்டாகப் பிரித்து அனுப்பமுடியுமா?" என்று கேளுங்கள். வரம்பு என்னவென்று தெரியாமலே மறுக்கிற அலுவலகங்கள் உண்டு.

'விற்பனை இல்லையேல் கட்டணம் இல்லை'

இந்த வாக்குறுதியை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். அது பெரும்பாலும் சொலிசிட்டரின் சட்டக் கட்டணத்தை மட்டுமே விட்டுக்கொடுக்கும். கவுன்சில் தேடல், தண்ணீர்-வடிகால் தேடல் போன்று வீட்டைப் பற்றி விசாரிக்க ஏற்கெனவே வெளியே கட்டிய செலவுகளை டெபாசிட்டில் கழிப்பார்கள். அவை நியாயமானவை, ரசீது கேட்டு வாங்கிக்கொண்டு விட்டுவிடுங்கள். ஆனால் அந்த வரிசைக்குள்ளேயே டிடி ஃபீ, அடையாளச் சோதனைக் கட்டணம், கோப்பு மூடும் கட்டணம் என்று சின்னச் சின்னத் தொகைகளும் நுழைந்துவிடும். ஒவ்வொன்றையும் கிளையன்ட் கேர் கடிதத்தோடு வைத்துச் சரிபாருங்கள். கடிதத்தில் இல்லாததைக் கேள்வி கேளுங்கள்.

இன்னொன்று. கிளையன்ட் கணக்கிலுள்ள (வாடிக்கையாளர் காசை அலுவலகம் தனியாக வைத்திருக்கும் கணக்கு) உங்கள் காசிலிருந்து தங்கள் கட்டணத்தை எடுக்குமுன், பில்லோ எழுத்து மூலமான அறிவிப்போ உங்களுக்குத் தரவேண்டும் என்பது எஸ்.ஆர்.ஏ. கணக்கு விதி 4.3. காசைப் பிடித்துவிட்டு, கேட்ட பிறகு பில் அனுப்புவது அந்த விதிக்கு முரண்.

எக்ஸ்சேஞ்ச் (இரு தரப்பும் ஒப்பந்தத்தை மாற்றிக்கொண்டு அதற்குக் கட்டுப்படும் கட்டம்) முடிந்த பிறகு விற்பவர் பக்கத் தவறால் ஒப்பந்தம் முறிந்தால், டெபாசிட் பெரும்பாலும் விற்பவரின் சொலிசிட்டரிடம் இருக்கும். நீங்கள் அவருடைய கிளையன்ட் அல்ல. போன் செய்தால் பேசமாட்டார். உங்கள் சொலிசிட்டர் வழியாகத்தான் கேட்கவேண்டும். உங்களோடு எந்தக் கட்டண உடன்பாடும் இல்லாத அந்த அலுவலகம் உங்கள் டெபாசிட்டில் அனுப்புகூலி கழித்தால், எந்த அடிப்படையில் என்று உங்கள் சொலிசிட்டரை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

"அக்கவுண்ட்ஸ் பக்கம் போயிருக்கு"

வைத்திருக்கச் சரியான காரணம் இல்லாமல் போனதும் காசை உடனுக்குடன் திருப்பவேண்டும் என்பது அதே கணக்கு விதிகளில் 2.5. நடப்பில் கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகரும். யாரும் உங்களுக்குப் போன் எடுப்பதில்லை. காசு சிக்கும் இடங்கள் மூன்று.

முதலாவது, பெயர். நம் ஆட்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் அல்லது கணவரின் பெயர் இருக்கும். வங்கிக் கணக்கில் அதுவே ஓர் இனிஷியலாகச் சுருங்கியிருக்கும், அல்லது முன்பின்னாக மாறியிருக்கும். அனுப்புமுன் வங்கி பெயரை ஒப்பிட்டுப் பார்க்கிறது. 'பொருந்தவில்லை' என்று திரையில் வந்ததும் கணக்காளர் நிறுத்திவிடுவார். அதனால் உங்களுக்குத் தெரிந்த பெயரை எழுதாதீர்கள். வங்கி ஸ்டேட்மென்ட்டில் உள்ளபடி, இனிஷியல் உட்பட, எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதி, ஸ்டேட்மென்ட்டின் முதல் பக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

இரண்டாவது, காசு வந்த வழி. டெபாசிட்டில் 15,000 அண்ணன் கணக்கிலிருந்தும் 25,000 உங்கள் கணக்கிலிருந்தும் போயிருந்தால், காசு வந்த கணக்குகளுக்கே திருப்புவோம் என்று பல அலுவலகங்கள் சொல்லும். கறுப்புப் பணத் தடுப்புக்காகச் செய்வது, அதில் தவறில்லை. ஆனால் இரண்டு கணக்கு என்பதால் இரண்டு டிடி ஃபீ போடுவார்கள். அதை முன்கூட்டியே கேட்டுவையுங்கள். ஊரிலுள்ள கணக்குக்கு அனுப்பச் சொன்னால் வழியிலுள்ள வங்கிகளும் கழிக்கும், நாணய மாற்றிலும் குறையும். முடிந்தவரை பிரிட்டன் கணக்குக்கே வாங்குங்கள்.

மூன்றாவது, கையெழுத்து. இருவர் பெயரில் வாங்கப் போனால் இருவரும் எழுத்தில் சம்மதிக்கவேண்டும். ஒருவர் ஊருக்குப் போயிருந்தால் காசு அப்படியே கிடக்கும். பேச்சு முறிந்த அன்றே இருவரும் கையெழுத்திட்டு அனுப்பிவிடுங்கள்.

வங்கி விவரத்தை உறுதிசெய்ய அலுவலகம் போன் எடுத்தால் அதை இழுத்தடிப்பு என்று நினைக்காதீர்கள். இமெயிலுக்குள் நுழைந்து, உங்கள் பெயரில் வேறு கணக்கு இலக்கம் கொடுக்கும் கள்ளர்கள் இருக்கிறார்கள். முதல் கடிதத்தில் அச்சிட்ட போன் இலக்கத்துக்கு நீங்களே திருப்பி அழைத்து, கணக்கு இலக்கத்தை வாயால் சொல்லுங்கள்.

வட்டியையும் சேர்த்துக் கேளுங்கள்

43 பவுணுக்குச் சண்டை பிடிக்கும் வேளையில் பெரிய தொகையை மறந்துவிடுகிறார்கள். உங்கள் காசு அவர்களிடம் இருந்த காலத்துக்கு நியாயமான வட்டி தரவேண்டும் என்கிறது விதி 7.1. அலுவலகத்தின் வட்டிக் கொள்கை ஆண்டுக்கு 1 வீதம் என்றிருந்தால், 40,000 பவுண் நாலு மாதம் கிடந்ததற்கு 133 பவுண் வரும். 'இத்தனை பவுணுக்குக் குறைந்தால் தரமாட்டோம்' என்ற வரியும் அந்தக் கொள்கையில் இருக்கும், எவ்வளவு என்று பாருங்கள். கேட்காதவருக்கு அதைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்வது அரிது.

கேட்பதற்கு ஆங்கிலத்தில் நாலு வரி இமெயில் போதும். கோப்பு எண்ணும் வீட்டு முகவரியும் முதலில். ஃபாஸ்டர் பேமென்ட்டில் அனுப்பும்படியும், கட்டணம் எடுப்பதானால் அவர்களுடைய வங்கி எவ்வளவு எடுத்தது, நீங்கள் சம்மதித்த பக்கம் எது என்று காட்டும்படியும் அடுத்து. வட்டி எவ்வளவு என்று மூன்றாவது. கடைசியில், உங்கள் பெயரிலுள்ள கிளையன்ட் லெட்ஜரின் (உங்கள் காசின் வரவு செலவுப் பதிவு) பிரதி. போனில் கேட்டதற்குச் சாட்சி இல்லை, ஆகவே போனில் பேசினாலும் பிறகு இமெயில் போடுங்கள்.

பதில் மழுப்பலாக வந்தால் 'முறைப்பாடு' (complaint) என்ற சொல்லைத் தலைப்பிலேயே போட்டு, அலுவலகத்தின் முறைப்பாட்டுப் பொறுப்பாளருக்கு எழுதுங்கள். வெறும் 'விசாரிப்பு' என்று எழுதினால் அது முறைப்பாடாகவே பதியப்படாமல் போகலாம். 8 வாரத்தில் தீரவில்லை என்றால், அல்லது இறுதிப் பதில் திருப்தியில்லை என்றால், சட்டச் சேவை பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும் லீகல் ஓம்பட்ஸ்மனிடம் இலவசமாகப் போகலாம். இறுதிப் பதில் வந்து 6 மாதத்துக்குள் போகவேண்டும். கூடவே, பிரச்சினை நடந்த நாளிலிருந்து அல்லது உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 1 வருடம் என்ற கெடுவும் ஓடுகிறது. சொலிசிட்டருக்குப் பதில் லைசென்ஸ் பெற்ற கன்வேயன்சர் (வீடு கைமாறும் சட்ட வேலைக்கென்றே உரிமம் பெற்றவர்) உங்கள் வேலையைப் பார்த்திருந்தாலும் ஓம்பட்ஸ்மன் அதே ஓம்பட்ஸ்மன்தான். ஸ்கொட்லாந்துக்கு வேறு அமைப்பு.

பணம் வந்ததும் லெட்ஜரின் கடைசி வரியைப் பாருங்கள். அங்கே பூச்சியம் இருக்கவேண்டும். ஏதாவது மிச்சம் நின்றால் இப்போதே எழுதிக் கேளுங்கள். கோப்பு மூடி, நீங்களும் வீடு மாறி, கடிதங்கள் திரும்பிப் போனால், 500 பவுணுக்கு உட்பட்ட மிச்சத்தை அவர்கள் தர்ம ஸ்தாபனத்துக்குக் கொடுத்துக் கணக்கை முடிக்க விதியில் இடமிருக்கிறது.