அவுட்லா: சட்டத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டவர்

மிசூரி, டெக்சஸ், ஓக்லஹோமா போன்ற அமெரிக்க மாநிலங்களில் வேரூன்றிய குடும்பத்தினர் தம் கொடிவழியைத் தேடத் தொடங்கும்போது, ‘நம் பாட்டனாருக்குப் பாட்டனார் ஓர் அவுட்லா’ என்னும் செவிவழிச் செய்தி பல வீடுகளில் ஆவணங்களுக்கு முன்பே வந்து நிற்கிறது. தமிழில் எழுதுவோர் இச்சொல்லைக் ‘கொள்ளையன்’ என்று பெயர்த்துவிட்டு மேலே சென்றுவிடுகின்றனர். அந்தப் பெயர்ப்பு பாதிதான் சரி. கொள்ளையன் என்பது ஒருவன் செய்த செயலைக் குறிக்கிறது. அவுட்லா என்பதோ, அச்சொல் பிறந்த காலத்தில், நீதிமன்றம் அவனுக்குச் செய்ததைக் குறித்தது.

ஆங்கிலத்திற்கு இச்சொல் வட கடலைக் கடந்து வந்தது. ஸ்காண்டிநேவியர் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் ‘ஊட்’ என்றால் வெளியே. ‘லாக்’ என்றால் விதித்து வைக்கப்பட்டவை, அதாவது சட்டம். இவ்விரண்டும் சேர்ந்த ‘ஊட்லகி’ என்ற சொல், இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் டேனியர் குடியேறிய காலத்தில், ‘ஊட்லகா’ என்று பழைய ஆங்கிலத்தில் ஏறியது. சட்டத்தைக் குறிக்கும் ‘லா’ என்ற ஆங்கிலச் சொல்லே அந்நோர்ஸ் வேரிலிருந்து வந்த கடன்தான் என்பது பலர் கவனிக்காத செய்தி.

இடைக்கால இங்கிலாந்தில் ஒருவரை அவுட்லா ஆக்குவதற்கு முறையான நடைமுறை இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் வராவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தின் தொடர்ந்த ஐந்து அமர்வுகளில் அவர் பெயர் சொல்லி அழைக்கப்படும். ஐந்தாம் முறையும் அவர் தோன்றாதபோது அவர் சட்டத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டவராக அறிவிக்கப்படுவார். அதன்பின் சட்டம் அவரைக் காக்காது. அவர் ‘ஓநாய்த் தலை’ சுமப்பவர் எனப்பட்டார், தொடக்க காலத்தில் அவரை ஓநாயைப் போல எவரும் கொல்லலாம் என்றும் இருந்தது. பெண்களை அக்காலத்தில் இச்சொல்லால் சுட்டவில்லை. ஆண்களைப் போல உறுதிமொழி எடுத்துச் சட்டத்திற்குள் சேர்க்கப்படாதவர்களை அதிலிருந்து வெளியேற்ற முடியாது என்ற வாதத்தால், அவர்கள் ‘கைவிடப்பட்டவர்கள்’ என்று மட்டும் அறிவிக்கப்பட்டனர். 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா என்னும் உரிமைச் சாசனம், முறையான தீர்ப்பின்றி எந்தச் சுதந்திர மனிதரையும் சிறைப்பிடிக்கவோ, சட்டத்திற்கு வெளியே நிறுத்தவோ, நாடு கடத்தவோ கூடாது என்று விதித்தது.

கொடிவழி தேடுவோருக்கு இதில் முதன்மையானது வேறொரு விளைவு. பெருங்குற்றத்திற்காகச் சட்டத்திற்கு வெளியே நிறுத்தப்பட்டவரின் உடைமை பறிக்கப்பட்டது. அவருடைய குருதி கெட்டுவிட்டதாகக் கருதப்பட்டு, அவர் வழியாக வாரிசுகள் நிலத்தைப் பெறும் உரிமையும் அறுந்தது. அமெரிக்க அரசமைப்பு இந்தக் குருதிக் கறையை இராசத்துரோகக் குற்றத்தில்கூட வாரிசுகள்மீது படரவிடவில்லை. 1790ஆம் ஆண்டின் கூட்டாட்சிக் குற்றச் சட்டம் தன் கீழ் வரும் மற்றக் குற்றங்களுக்கும் அதை விலக்கியது. அதனால், இங்கிலாந்தில் ஒரு குடும்பம் மறைக்க விரும்பியிருக்கக்கூடிய மூதாதையை, அமெரிக்காவில் அதே பெயர் கொண்ட குடும்பம் விருந்தினரிடம் பெருமையாகச் சொல்ல முடிகிறது.

குடியேற்றம் மேற்கு நோக்கிப் பரவிக்கொண்டிருந்த எல்லைப்புற அமெரிக்காவில் இச்சொல் சட்டக் கட்டிலிருந்து நழுவிப் பட்டப்பெயராகிவிட்டது. வங்கியையும் இரயிலையும் கொள்ளையடித்தவர், மாடு திருடியவர், பிடியாணைக்குத் தப்பி ஓடியவர் என அனைவரையும் செய்தித்தாள்கள் அவுட்லா என்றே எழுதின. சட்டப்படியான அறிவிப்பு முற்றிலும் மறைந்துவிடவில்லை. வட கரோலினாவில் உள்நாட்டுப் போருக்குப் பின் லம்பீ என்னும் பழங்குடி மக்களிடையே நாயகனாக விளங்கிய ஹென்றி பெர்ரி லோரி அவ்வாறு அறிவிக்கப்பட்டவர். 1872இல் அவர் எங்கே போனார் என்று தெரியாமலே மறைந்தார். அம்மாநிலத்தின் அச்சட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று கூட்டாட்சி நீதிமன்றம் 1976இல்தான் தீர்ப்பளித்தது. மேற்கில் நாம் கேட்கும் புகழ்பெற்ற பெயர்களில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல.

ஆகவே, குடும்பக் கதையைச் சோதிக்க விரும்புவோர் அவுட்லா என்ற சொல்லை ஆவணங்களில் தேடினால் ஏமாந்துபோவார்கள். தேட வேண்டியவை குற்றப்பத்திரிகை, பிடியாணை, பரிசு அறிவிப்பு, சிறைப் பதிவேடு ஆகியவையே. டெக்சஸ் அரசு 1878இல் தப்பியோடிய குற்றவாளிகளின் பட்டியலை மாவட்ட வாரியாக அச்சிட்டு, ரேஞ்சர்கள் என்னும் தன் காவல் படையினருக்குக் கொடுத்தது. ஆர்கன்சாஸின் ஃபோர்ட் ஸ்மித்தில் 1875 முதல் 1896 வரை நீதிபதி ஐசக் பார்க்கர், இன்றைய ஓக்லஹோமாவில் இருந்த இந்தியன் பிரதேசத்து வழக்குகளை விசாரித்து 160 பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தார். அவர்களில் 79 பேர் தூக்கிலிடப்பட்டனர். அந்நீதிமன்றத்தின் வழக்குக் கட்டுகளில் சாட்சிகளின் வாக்குமூலங்களும் இருப்பதால், குற்றம் செய்யாத மூதாதையர்கூட அவற்றில் அகப்படுவதுண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1880ஆம் ஆண்டிலிருந்துதான் குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்று எழுதப்பட்டது. அதற்கு அடுத்த 1890ஆம் ஆண்டின் ஏடுகளில் பெரும்பகுதி 1921இல் வாஷிங்டனில் நேர்ந்த தீ விபத்தால் இல்லாமற்போனது. எல்லைப்புறக் கோடு இனி இல்லை என்று அறிவித்த அதே கணக்கெடுப்பின் பெயர்ப் பட்டியல் நமக்குக் கிடைக்காமற்போனதை நல்வாய்ப்பற்ற நிகழ்வு என்றே சொல்ல வேண்டும்.

பெயர் மாற்றம் மற்றொரு முட்டுக்கட்டை. வங்கிகளையும் இரயில்களையும் கொள்ளையடித்துப் பெயர்பெற்ற ஜெஸ்ஸி ஜேம்ஸ் 1882 ஏப்ரல் 3 அன்று மிசூரியின் செயின்ட் ஜோசஃப் நகரில், சுவரில் தொங்கிய படத்தைச் சரிசெய்ய நாற்காலிமீது ஏறியபோது, தன் கூட்டாளியான ராபர்ட் ஃபோர்டால் பின்னாலிருந்து சுடப்பட்டு இறந்தார். அவ்வீட்டில் அவர் தாமஸ் ஹோவர்ட் என்னும் பெயரில் குடியிருந்தார். தம் உண்மையான குடும்பப் பெயர் அதுவல்ல என்பதைப் பிள்ளைகள் தந்தை இறந்த பிறகே அறிந்தனர். தாய் செரெல்டா மகனைத் தம் பண்ணை வீட்டு முற்றத்திலேயே புதைக்கச் செய்தார். 1902இல் உடல் கியர்னி நகரக் கல்லறைக்கு மாற்றப்பட்டது. இருந்தும் தாமே ஜெஸ்ஸி என்று சொல்லிக்கொண்டவர்கள் பிற்காலத்தில் தோன்றினர், அவர்களுள் ஜே. ஃபிராங்க் டால்டன் என்ற முதியவர் 1951 வரை வாழ்ந்தார். 1995இல் கல்லறை திறக்கப்பட்டு, எச்சங்களின் பற்களிலிருந்து எடுத்த இழைமணி (மைட்டோகாண்ட்ரியா) டி.என்.ஏ. ஜெஸ்ஸியின் தங்கை சூசனின் வழித்தோன்றல்களோடு ஒப்பிடப்பட்டது. இழைமணி டி.என்.ஏ. தாயிடமிருந்தே பிள்ளைகளுக்குச் செல்வதால் ஜெஸ்ஸியின் சொந்த வாரிசுகள் இச்சோதனைக்குப் பயன்படமாட்டார்கள். தங்கையின் மகள்வழிக் கொடியே தேவைப்பட்டது. இரண்டும் ஒத்துப்போயின. தாய்வழி ஒன்று என்பதைத்தான் இச்சோதனை காட்டும், ஆளை அறுதியிட்டுக் காட்டாது என்றாலும், மற்றச் சான்றுகளோடு சேர்த்துப் பார்க்கையில் ஐயத்திற்கு அதிக இடமில்லை.

உறவுப் பெயர்களில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. 1892 அக்டோபர் 5 அன்று கேன்சஸின் காஃபிவில் ஊரில் இரண்டு வங்கிகளை ஒரே நேரத்தில் கொள்ளையடிக்கப் போய் முறியடிக்கப்பட்ட டால்டன் சகோதரர்களும், ஜேம்ஸ் சகோதரர்களோடு சேர்ந்து திரிந்த கோல் யங்கரும் ‘கசின்’ என்று ஆங்கில நூல்கள் எழுதுகின்றன. அச்சொல்லைக் கொண்டு உறவு எந்த வழியில் என்று அறிய முடியாது. டால்டன்களின் தாய் அடலைன், கோல் யங்கரின் தந்தை ஹென்றிக்குத் தந்தைவழியில் உடன்பிறந்தவர். எனவே டால்டன்கள் கோலுக்கு அத்தை மகன்கள், அவர் அவர்களுக்கு மாமன் மகன். நாம் இரண்டு சொற்களில் முடிப்பதை ஆங்கிலத்தில் குடும்ப மரம் வரைந்துதான் விளக்க வேண்டியிருக்கிறது.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். பொருநராற்றுப்படை பேசும் ‘ஆறலை கள்வர்’ அழகான சொல். பாலை வழியில் செல்வோரை மடக்கிப் பறிப்பவரை அது குறிக்கிறது. மேற்கத்திய அஞ்சல் வண்டிகளை மறித்தவர்களுக்கு அது பொருந்தும். ஊருக்குள் நுழைந்து வங்கியைச் சூறையாடியவர்களுக்குப் பொருந்தாது. ‘சட்டப்புறம்பர்’ என்று ஆக்கினால் ‘சட்டத்திற்குப் புறம்பான’ என்ற வழக்கு குறுக்கிட்டு, சட்டத்தை மீறியவர் என்ற பொருளே தலைதூக்கும். ஊர்விலக்கு என்ற வழக்கின் தடத்தில் ‘சட்டவிலக்கர்’ என்பதே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. ஊர் ஒருவரை விலக்குவது போலச் சட்டம் இவரை விலக்குகிறது. செயலைச் செய்வது யார் என்பது அச்சொல்லிலேயே தெரிகிறது. வரிவிலக்கைப் போலச் சலுகை என்று படிக்க இடமுண்டு என்பதால், முதல் முறை எழுதும்போது ‘சட்டக் காப்பை இழந்தவர்’ என்ற விளக்கத்தைச் சேர்ப்பது நல்லது. எல்லைப்புறத்துப் பட்டப்பெயர்ப் பொருளுக்குத் ‘தேடப்பட்ட கொள்ளையர்’ போதும். இவ்வாறு பிரித்தால் லோரி சட்டவிலக்கர். ஜெஸ்ஸி ஜேம்ஸ், மிசூரி ஆளுநர் அவர் தலைக்கு ஆயிரக்கணக்கான டாலர் பரிசு அறிவித்திருந்தபோதும், தேடப்பட்ட கொள்ளையர்தான்.