வீசிங் இருக்கிறதா? வலி மாத்திரை போடுமுன் இதைப் படியுங்கள்

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். பல்வலிக்கு டைக்ளோஃபெனாக் ஒன்று போட்டிருக்கிறார். முக்கால் மணி நேரத்தில் மூக்கு ஒழுகி, கண் சிவந்து, நெஞ்சு இறுகிவிட்டது. வந்து சேர்ந்தபோது படுக்க முடியாமல் கட்டில் விளிம்பில் இரு கைகளையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார். பேச்சு ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது. நெபுலைசர் வைத்து, மூச்சு அடங்கிய பிறகு அவர் கேட்டது: "எனக்கு ஆஸ்பிரின்தானே ஆகாது டாக்டர்? இது வேற மாத்திரையாச்சே!"

இதே கேள்வியை எத்தனை முறைதான் கேட்பது? கேட்கும்போதெல்லாம் ஆற்றாமையாக இருக்கிறது.

பென்சிலின் ஒவ்வாமையில் உடல் அந்த மருந்தை அடையாளம் வைத்துக்கொண்டு தாக்குகிறது. அதனால் பெரும்பாலும் பென்சிலின் வகையை விலக்கினால் போதும். வலி மாத்திரை விஷயத்தில் அந்தக் கணக்கு செல்லாது. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சன், டைக்ளோஃபெனாக், மெஃபனமிக் அமிலம், கீட்டோரோலாக் எல்லாம் வெவ்வேறு மருந்துகள்தான். ஆனால் அத்தனையும் காக்ஸ்-1 என்ற ஒரே நொதியை முடக்குகின்றன. ஆபத்து அந்த முடக்கத்தில் இருக்கிறது. போலந்து மருத்துவர் ஆந்த்ஜெய் ஷ்செக்லிக்கின் குழு 1975-லேயே இதைக் காட்டிவிட்டது.

அந்த நொதி வழியாக உடலில் உருவாகும் புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற பொருள், மூச்சுக்குழாயிலும் மூக்கிலும் உள்ள மாஸ்ட் செல்கள், இயோசினோபில்கள் என்ற அழற்சி செல்களை அடக்கி வைக்கிறது. ஆஸ்துமாவோடு வலி மாத்திரையும் ஆகாத இந்த நோயாளிகளிடம் அது ஏற்கெனவே குறைவு. மாத்திரை அந்த மிச்சத்தையும் நிறுத்தியதும் செல்கள் கட்டவிழ்ந்து ஹிஸ்டமின், லூக்கோட்ரையீன் என்ற வேதிப்பொருள்களைக் கொட்டுகின்றன. மூச்சுக்குழாய் சுருங்குகிறது. இதற்கு அந்த மருந்துக்கென்று ஐஜிஇ என்ற ஒவ்வாமை எதிர்ப்புப்பொருள் தேவையே இல்லை. அதனால் தோல் பரிசோதனை இதைப் பிடிக்காது. அந்த ரிப்போர்ட்டைக் காட்டி "எனக்கு அலர்ஜி இல்லை" என்று தயவுசெய்து வாதாடாதீர்கள்.

"போன வருஷம் போட்டேன், ஒன்றும் ஆகலையே" என்பதும் உத்தரவாதம் இல்லை. இந்த நோய் பெரும்பாலும் முப்பது வயதுக்கு மேல்தான் தலைகாட்டும்.

ஆஸ்துமா உள்ள எல்லோரும் பயப்பட வேண்டாம். ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் இந்தச் சிக்கல். கடும் ஆஸ்துமாவில் நூற்றுக்குச் சுமார் 15 பேர். ஆஸ்துமாவோடு மூக்கில் சதை வளர்ச்சியும் இருந்து, வாசனையும் தெரியாமல் போயிருந்தால், பரிசோதித்து உறுதி செய்யும்வரை காக்ஸ்-1-ஐ முடக்கும் மருந்துகளைத் தொடாதீர்கள். மேலே சொன்னவருக்கு மூக்குச் சதையை இரண்டு முறை அறுவை செய்து எடுத்திருக்கிறார்கள். சோப்பை முகர்ந்தால் வாசனை வருமா என்று கேட்டேன். "ஆறு வருஷமா எதுவும் தெரியாது. இதுவரை யாரும் கேட்கலை" என்றார்.

பெட்டியின் மேல் உள்ள பெயரை நம்பாமல், உள்ளே என்ன மருந்து என்று படியுங்கள். சளி மாத்திரைக் கலவையிலும் ஐபுப்ரோஃபென் இருக்கலாம். ஊசியும் கண் சொட்டு மருந்தும் விதிவிலக்கல்ல. பாராசிட்டமால் 500 மில்லிகிராம் பெரும்பாலானோருக்கு ஒத்துக்கொள்ளும். ஒரே வேளையில் 1000 போனால் சிலருக்கு இழுக்கும். காக்ஸ்-1-ஐ அதிகம் தொடாத செலிகாக்சிப் போன்ற வலி மாத்திரைகள் பொதுவாகப் பிரச்சினை தருவதில்லை, ஆனாலும் முதல் வேளை மருத்துவர் முன்னிலையில் இருக்கட்டும்.

மாத்திரையை விட்டுவிட்டேன், நோய் போய்விட்டது என்று இன்ஹேலரை நிறுத்துகிறவர்களும் உண்டு. நிறுத்தாதீர்கள். மாத்திரையைத் தொடாவிட்டாலும் உள்ளே அழற்சி ஓயாது, சதையும் வளர்ந்துகொண்டே இருக்கும்.

ஆஸ்பிரினையே சிறுகச் சிறுகக் கூட்டிக் கொடுத்து உடலைப் பழக்கும் சிகிச்சை ஒன்று இருக்கிறது. சதை திரும்ப வளர்வதையும் அது மட்டுப்படுத்தும். அவசர வசதியுள்ள மருத்துவமனையில் செய்ய வேண்டியது அது. பழகிய பிறகும் சில நாள் விட்டுவிட்டால் தாங்கும் சக்தி போய்விடும். வீட்டில் கால் மாத்திரை, அரை மாத்திரை என்று முயன்று பார்க்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

சக மருத்துவர்களுக்கும், பல் மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வலி மாத்திரை எழுதுமுன் "வீசிங் உண்டா, மூக்கில் சதை உண்டா, வாசனை தெரிகிறதா" என்று கேளுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது.