கல்லில் தங்கம் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

தங்கம் தேடத் தொடங்குகிறவர் கையில் முதலில் சிக்குவது பெரும்பாலும் பைரைட் என்ற மஞ்சள் நிற இரும்புக் கனிமம் அல்லது காக்காப்பொன். இரண்டும் தங்கத்தைவிடப் பளிச்சென்று மின்னும். உண்மையான தங்கத்தாதுவிலோ பெரும்பாலும் கண்ணுக்கு எதுவுமே தெரியாது. ஒரு டன் பாறையில் 5 கிராம் இருந்தாலே சுரங்கத்துக்கு அது நல்ல தரம். அந்தக் கணக்கில் ஒரு கிலோ கல்லில் இருப்பது 5 மில்லிகிராம். அதை ஒன்றாகத் திரட்டினாலும் ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட வராது. அதனால் நிறத்தையும் மினுக்கத்தையும் மட்டும் நம்பிவிடாமல், எடையையும் மென்மையையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

எந்தக் கல்லை எடுப்பது என்பதில் பாதி வேலை முடிந்துவிடும். பூமிக்கு அடியிலிருந்து வெந்நீர்க் கரைசல் பாறை வெடிப்புகளில் ஏறி வரும்போது, அதில் கரைந்திருந்த சிலிக்கா குவார்ட்ஸாக உறைகிறது. தங்கமும் கூடவே படிகிறது. நம் ஊர்களில் வெங்கச்சங்கல் என்று சொல்வது இந்தக் குவார்ட்ஸைத்தான். ஆனால் பால்வெள்ளையாக, மாசு மறுவில்லாமல் இருக்கும் வெங்கச்சங்கல் பெரும்பாலும் வெறுங்கல்தான். துருப்பிடித்த பழுப்புக் கறை, சிறு சதுரக் குழிகள், கரும்பாறையோடு ஒட்டிய விளிம்பு, மெல்லிய கருங்கோடுகள் ஆகியவை உள்ள துண்டுகளை எடுங்கள். அந்தக் குழிகளில் ஒரு காலத்தில் பைரைட் இருந்தது. மழைநீரும் காற்றும் பட்டு அது துருவாகிப் போய்விட, அதற்குள் சிறைப்பட்டிருந்த தங்கம் மட்டும் கரையாமல் தங்கிவிடும். கோலார் தங்கவயலின் புகழ்பெற்ற தாது அடுக்கான சாம்பியன் ரீஃபில் இருந்ததும் தூய வெள்ளைக் குவார்ட்ஸ் அல்ல. கருமையான ஹார்ன்பிளெண்ட் பாறைக்கு நடுவே ஓடிய, சாம்பலும் நீலமும் கலந்த மங்கலான குவார்ட்ஸ்.

கல்லைப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, 10 மடங்கு பெருக்கும் லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கல்லை லென்ஸுக்கு இரண்டரை சென்டிமீட்டர் அருகே கொண்டுவாருங்கள். மஞ்சள் புள்ளி தெரிந்தால் கையால் நிழல் கொடுங்கள். தங்கம் நிழலிலும் அதே மஞ்சளாக இருக்கும்; எந்தப் பக்கம் திருப்பினாலும் மாறாது. பைரைட்டும் காக்காப்பொன்னும் ஒரு கோணத்தில் பளிச்சிட்டு அடுத்த கோணத்தில் அணைந்துவிடும்.

அடுத்தது தையல் ஊசி. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோ அளவில் தங்கம் 2.5 முதல் 3. ஊசி முனை அழுத்தினால் குழியும், உடையாது. பைரைட்டின் கடினம் 6 முதல் 6.5, ஊசியால் கீறல் விழாது, அழுத்தம் கூடினால் நொறுங்கும். சால்கோபைரைட் என்ற செம்புத்தாதுதான் அதிகம் ஏமாற்றும். அதன் மஞ்சள் ஆழமானது, ஊசி அதைக் கீறவும் செய்யும். ஆனால் கீறிய இடத்தில் பச்சை கலந்த கருப்புத் தூள் வரும். தங்கத்தில் தூளே வராது. காக்காப்பொன் ஏடு ஏடாக உரியும். வளைத்து விட்டால் நிமிரும். தங்கத் தகடு வளைந்தபடியே நிற்கும். மெருகில்லாத ஓட்டின் பின்பக்கத்தில் உரசினாலும் இதே வேறுபாடு தெரியும்: தங்கம் பொன்மஞ்சள் கோடு போடும், பைரைட் கரும்பச்சைக் கோடு போடும்.

கல்லை நெருப்பில் காட்டிப் பார்க்காதீர்கள். தங்கத்தோடு சேர்ந்து வரும் ஆர்சனோபைரைட் என்ற கனிமத்தில் ஆர்சனிக் இருக்கிறது. சூடேறினால் பூண்டு நாற்றத்தோடு வரும் அந்தப் புகை நஞ்சு.

புள்ளி எதுவும் தெரியாத கல்லை எடை போட்டுப் பார்க்கலாம். 0.1 கிராம் வரை காட்டும் தராசு போதும். கல்லை முதலில் உலர்ந்த நிலையில் நிறுத்துக்கொள்ளுங்கள். 200 கிராம் என்று வைப்போம். பிறகு காற்றுக் குமிழ்கள் வெளியேற ஒரு மணி நேரம் நீரில் ஊறவிடுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்துச் சுழியாக்கி, கல்லை நூலில் கட்டி முழுதும் மூழ்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். தராசு 70 காட்டினால் 200ஐ 70ஆல் வகுக்க, 2.86 வரும். இதுதான் கல்லின் அடர்த்தி. வெறும் குவார்ட்ஸுக்கு இது 2.65. ஆகவே உள்ளே கனமான ஏதோ இருக்கிறது. அது முழுக்கத் தங்கமாக இருந்தால் ஏறக்குறைய 17 கிராம் என்று கணக்கு வரும். ஆனால் 31 கிராம் பைரைட் இருந்தாலும் தராசு இதே எண்ணைத்தான் காட்டும்! இரும்புத் துருவும் அப்படியே. இந்தச் சோதனை கல்லைப் பொறுக்கி ஒதுக்க மட்டுமே உதவும். தங்கம் என்று உறுதி சொல்லாது. டன்னுக்குச் சில கிராம் என்ற அளவில் இருக்கும் தங்கத்தை இது உணரவும் உணராது.

நம்பத் தகுந்த வழி இடித்து அரிப்பதுதான். 1802இல் லெப்டினன்ட் ஜான் வாரன் கோலார் பக்கத்து மாரிக்குப்பத்துக்குச் சென்றபோது, ஊர்ப்பெண்கள் கல்லை இடித்துத் தூளைப் பலகையில் கழுவிப் பொன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். முறை இன்றும் அதேதான். ஒரு கிலோ கல்லை இரும்பு உரலில் நனைத்து இடியுங்கள். உலர்ந்த குவார்ட்ஸ் தூள் நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் உண்டாக்கும். சுரங்கத் தொழிலாளர்களின் உயிரைக் குடித்த நோய் அது. நனைத்தாலும் என்95 முகக்கவசம் வேண்டும். அரை மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, மேலே தங்குவதை மறுபடி இடியுங்கள். கடைசியில் சல்லடையில் மிஞ்சுவதைத் தூக்கி எறிந்துவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. இடிக்கும்போது தங்கம் தூளாகாது, தட்டையாகும். பெரிய துணுக்குகள் சல்லடை மேலேயே நின்றுவிடும்.

சலித்த தூளை அகலத் தட்டில் நீரோடு சேர்த்து, அரிசியில் கல் அரிப்பதுபோல அசைத்து அசைத்து மேல்நீரோடு வெளியேற்றுங்கள். தங்கத்தின் அடர்த்தி 19.3, பைரைட் 5, குவார்ட்ஸ் 2.65. முதல் ஒரு நிமிடம் தட்டைச் சாய்க்காமல் வேகமாகக் குலுக்கினால்தான் கனமானது அடியில் இறங்கும். அவசரப்பட்டுச் சாய்த்தால் தங்கமும் மணலோடு போய்விடும். மிக நுண்ணிய தங்கத் தகடுகள் நீரின் மேற்பரப்பு இழுவிசையில் மிதக்கும். ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் மூழ்கிவிடும். கடைசியில் மிஞ்சும் கருமணலை உலர்த்தி, பாலித்தீன் சுற்றிய காந்தத்தால் மேக்னடைட் என்ற கரும் இரும்புத்தாதுவை எடுத்துவிட்டு, லென்ஸும் ஊசியும் கொண்டு பாருங்கள். தங்கத்தைப் பிரிக்கச் சிலர் பயன்படுத்தும் பாதரசத்தைத் தொடவே வேண்டாம், அது நஞ்சு.

அளவு தெரிய வேண்டுமானால் ஆய்வகத்தில் நெருப்பு மதிப்பீடு செய்யச் சொல்லுங்கள். 30 அல்லது 50 கிராம் தூளை ஈய ஆக்சைடோடு உருக்கி, தங்கத்தை ஈயத்தில் வாங்கி, பிறகு ஈயத்தைப் பிரித்து, மிஞ்சும் மணியை நிறுப்பார்கள். அழகான ஒரு துண்டை மட்டும் கொடுக்காமல், அதே இடத்துக் கற்கள் இரண்டு மூன்று கிலோவை இடித்துக் கலந்து அதிலிருந்து கொடுங்கள். தங்கம் கல்லில் சீராகப் பரவியிருக்காது. ஒரு துண்டு சொல்வதை அடுத்த துண்டு மறுக்கும். எக்ஸ் கதிரால் உலோகத்தை அறியும் நகைக்கடை எக்ஸ்ஆர்எஃப் இயந்திரம் நகைக்காக அமைக்கப்பட்டது. ஆர்சனிக், துத்தநாகம் உள்ள கல்லில் இல்லாத தங்கத்தைக் காட்டிவிடும்.

நீலகிரியின் தேவாலா, பந்தலூர் பக்கம் தங்கக் குவார்ட்ஸ் உண்டு. 1880 வாக்கில் அதை நம்பி லண்டனில் பல கம்பெனிகள் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே சரிந்தன. பழைய குழிகள் இன்னும் அங்கே திறந்து கிடக்கின்றன. அவற்றுக்குள் இறங்கினால் மண் சரியும், காற்றும் கெட்டிருக்கும். 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டப்படி உரிமம் இல்லாமல் எங்கும் தங்கம் தோண்டக் கூடாது; காட்டு நிலமானால் வனச் சட்டமும் சேரும். சோதனைக்கான கல்லை நில உரிமையாளரின் சம்மதத்தோடு, தோண்டாமல், தரைமேல் கிடப்பதிலிருந்து மட்டும் எடுங்கள். எடுத்த இடத்தைக் கல்லோடு சேர்த்து எழுதி வையுங்கள். இடம் தெரியாத கல்லின் ஆய்வு முடிவால் எந்தப் பயனும் இல்லை.